இடக்கரடக்கல்

இவ்வாண்டு மலருக்கு யாதேனும் ஒரு கட்டுரை தருதல் வேண்டுமென்று தமிழ்ப் பகுதியின் மாணவ ஆசிரியை என்னை வந்து கேட்டபொழுது, ஐங்குறுநூற்றின் மருதத்தைப் பற்றியோ வீரமாமுனிவரின் உரைநடையைப் பற்றியோ ஒன்றை எழுதித் தருவதாகவே யானும் வாக்களித்தேன். பல்லாண்டுகளாக யான் இம்மலருக்கு அளித்து வந்தவை அத்தகையனவே. அவற்றைப் படித்தோர் எத்துணையர் என்று ஆராயாதிருத்தல் எனக்கு நலம். இம்முறை எழுத உட்கார்ந்தபொழுது மருதமும் வரவில்லை, முனிவரும் வரவில்லை. ஆறு மாத காலமாக என் உள்ளம் முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்த பொருள் ஒன்றே. என் நீர்ப்பையினுள் ஒரு மருந்தைச் செலுத்திக்கொள்வதா, வேண்டாவா என்பதே அது. இதனைக் கல்லூரி மலரில் எழுதலாமோவென்று அன்பர் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். அவர்கள் பொருட்டு முதற்கண் ஓர் இலக்கணச் செய்தியைச் சொல்லித் தொடங்குகின்றேன்.

நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தனர். அவையின்கண் மறைத்தற்குரியதொரு சொல்லை வெளிப்படக் கூறாது, பிறிதொரு வாய்பாட்டாற் கூறுதல் இடக்கரடக்கலாம். வகுப்பறைகளில் வழிவழியாகக் காட்டப்பெறும் உதாரணம் "கால் கழுவி வந்தான்" என்பது. கழுவியது கால் அன்றென்பது யாவர்க்கும் தெரியும். இரண்டாம் ஆண்டு மாணவியர் இவ்விடத்தில் ஆண்டுதோறும் தவறாது சிரிப்பர். யானும் ஆண்டுதோறும் தவறாது, "போதும், மேலே செல்வோம்" என்று கூறி மங்கலத்துக்குப் போய்விடுவேன். இவ்வாறு இருபத்தோராண்டுகள் கழிந்தன. இவ்விலக்கணத்தை யான் நன்கு கற்பித்தேனோ இல்லையோ, நன்கு கடைப்பிடித்தேன். அதனால் எனக்கு விளைந்ததையே இனிக் கூறப் புகுகின்றேன்.

2018-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், கல்லூரி திறந்த இரண்டாம் வாரத்தில், அடிவயிற்றில் ஒருவகை வலி தோன்றிற்று. நீர்ப்பையில் நீர் சேரச்சேர வலி மிகும். கழித்தவுடன் சற்றே தணியும். அரைமணி கழியுமுன் மீண்டும் எழும். காய்ச்சல் இல்லை, நீரில் இரத்தமும் இல்லை. "நீர்க்கடுப்பு" என்று வீட்டார் பெயரிட்டனர். இளநீரும், பார்லிக் கஞ்சியும், வெந்தயம் ஊறிய நீரும், நெருஞ்சில் கஷாயமும் முறைமுறையே வந்தன. அண்டை வீட்டு அம்மையார் வெள்ளரி விதையை அரைத்துக் கொணர்ந்தார். யாவும் நல்ல பொருள்களே. ஆயினும் அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு செம்பு நீரோடு வந்ததென்பதை ஒருவரும் எண்ணிப் பார்த்திலர். பின்னர் ஒரு மருத்துவரிடம் சென்றேன். கிருமியைக் கொல்லும் மாத்திரைகளை ஐந்து நாளைக்குத் தந்தார். அடுத்த மாதம் ஏழு நாளைக்குத் தந்தார். மூன்றாம் முறை சிறுநீரைச் சோதனைச்சாலைக்கு அனுப்பினார். கிருமி எதுவும் வளரவில்லை என விடை வந்தது. முதலிரு முறையும் சோதியாமலே மாத்திரை உண்டேன் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன்.

அவரை விட்டு வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் ஆடவர், வயதிலோ என் மாணவியர்க்குச் சற்றே மூத்தவர். "வலி எங்கே, அம்மா?" என்றார். "இடுப்புப் பக்கம்" என்றேன். "எப்பொழுது மிகுகின்றது?" என்றார். "நெடுநேரம் இருந்தால்" என்றேன். நெடுநேரம் நீரை அடக்கி இருந்தால் என்பது என் கருத்து. நெடுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்பது அவர் கொண்ட பொருள். என் முதுகெலும்பைப் படம் பிடித்தார். ஐம்பது அகவையை நெருங்கும் எவருடைய முதுகெலும்பிலும் ஏதேனும் ஒரு தேய்வு காணப்படாதிராது. எனக்கும் காணப்பட்டது. இடுப்புக்கு ஒரு பட்டையும், சில பயிற்சிகளும், வலிமாத்திரையும் பெற்று ஓராண்டு கழித்தேன். அந்த இளைஞர்மீது எனக்குக் குறை யாதும் இல்லை. கேட்ட வினாவுக்குக் கிடைத்த விடைக்கேற்ப அவர் நடந்தார்.

அக்காலத்தே என் நாட்கள் கழிந்த வகையைச் சிறிது கூறுவேன். காலையில் நீர் அருந்துவதில்லை. எக்கூட்டத்திலும் வாயிலையொட்டிய நாற்காலியே என் இடம். திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் கோவில்பட்டி என்றால் மற்றையோர்க்குக் கடலைமிட்டாய் நினைவுக்கு வரும், சாத்தூர் என்றால் சேவு நினைவுக்கு வரும். எனக்கோ அவ்வூர்ப் பேருந்து நிலையங்களின் கழிப்பிடங்கள் எப்பக்கத்தில் உள்ளன, எவற்றுக்குத் தாழ்ப்பாள் உண்டு என்பவையே நினைவுக்கு வந்தன. உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கு முதலில் தாமதித்துச் சென்றேன், பின்னர்ச் செல்லாதொழிந்தேன்.

யாவற்றினும் கொடியது தேர்வு மேற்பார்வை. மூன்று மணி நேரம். மாற்றாள் வந்து நின்றாலன்றி அறையை விட்டு அகலலாகாது. 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் தேர்வில் ஒருநாள் முதல் ஒன்றரை மணிக்குள் இருமுறை மாற்றாளை அழைத்தாயிற்று. மூன்றாம் முறை சொல்லியனுப்பியும் ஒருவரும் வரவில்லை; மீண்டும் சொல்லியனுப்ப நாணினேன். ஐம்பது நிமிடம் சன்னற்கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றேன். முதல் வரிசையில் எழுதிக்கொண்டிருந்த பெண் தலைநிமிர்ந்து, "அம்மா, உட்காருங்களேன்" என்றாள். உட்கார்ந்தால் வலி மிகும் என்பது அவளுக்கு எங்ஙனம் தெரியும்? மணி அடித்ததும் விடைத்தாள்களை எண்ணிக் கட்டினேன், ஒன்று குறைந்தது. எங்கும் தேடினர். பாவம், ஒரு மாணவியை விடுதியினின்று திரும்ப அழைத்து வினவினர். மாலை ஏழு மணிக்கு அலுவலகத்தார் கட்டைப் பிரித்து மீண்டும் எண்ணியபொழுது ஒன்றும் குறையவில்லை. என் எண்ணிக்கைதான் பிழை. அப்பெண்ணிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன்; காரணம் மட்டும் கூறவில்லை.

என் போக்குவரவினைக் கண்ட உடனாசிரியர்கள், "சர்க்கரை உண்டோ?" என்று பரிவோடு கேட்கத் தொடங்கினர். யான் உண்டென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நீரிழிவு நம் நாட்டில் கண்ணியமான நோய். அதனை மேடையிலும் சொல்லலாம். அன்றுமுதல் ஆசிரியர் அறையில் எனக்குக் கொடுத்த தேநீரில் இனிப்பு இராது. இல்லாத நோய்க்காக இனிப்பற்ற தேநீரை இரண்டாண்டு பருகினேன்.

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றினால் கல்லூரிகள் மூடப்பட்டு, வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பாடம் நடத்த நேர்ந்தது. உலகெல்லாம் துயருற்ற அக்காலத்தில் எனக்கு ஒரு நிம்மதி கிடைத்தது என்று கூற நா எழவில்லை. ஆயினும் உண்மை அதுவே. பாடத்தின் நடுவே, "இச்செய்யுளைப் படித்து நீங்களே பொருள் காணுங்கள், ஐந்து நிமிடம் தருகின்றேன்" என்பேன். அந்த ஐந்து நிமிடம் எதற்கென்று மாணவியர் அறியார். என் கற்பிக்கும் முறையைப் புதுமை என்று பாராட்டினாரும் உண்டு. கல்லூரி மீண்டும் திறந்தபொழுது அம்முறையைத் தொடர இயலவில்லை. நோய் மட்டும் தொடர்ந்தது.

நிற்க. 2023-ஆம் ஆண்டில் மதுரையில் ஒரு சிறுநீரியல் மருத்துவரைக் கண்டேன். அவர் மயக்கமருந்து கொடுத்து நீர்ப்பையினுள் கருவி செலுத்திப் பார்த்து, புற்றும் கல்லும் புண்ணும் இல்லையென்று உறுதி செய்தபின், நோயின் பெயரைச் சொன்னார்: இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைடிஸ். 1887-ஆம் ஆண்டில் ஸ்கீன் என்னும் அமெரிக்க மருத்துவர் இட்ட பெயர் அது. 1915-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரத்து ஹன்னர் என்பார் இந்நோயாளர் சிலருடைய நீர்ப்பைச் சுவரில் ஒருவகைப் புண் இருத்தலைக் கண்டு எழுதினார். அப்புண் உடையார்க்கு அதனைச் சுட்டோ, ஊசியால் மருந்திட்டோ ஆற்றுவர். எனக்கு அது இல்லை. ஆதலால் அவ்வழியும் இல்லை. நீர்ப்பையின் உட்புறத்தே வழுவழுப்பான மெல்லிய பூச்சு ஒன்று உண்டென்றும், அது தேய்ந்தவிடத்துச் சிறுநீரிலுள்ள உப்புக்கள் சுவருட் கசிந்து நரம்பினை உறுத்துகின்றன என்றும் ஒரு கொள்கை உண்டு. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த சுவரில் மழைநீர் ஊறுதல் போல என்று மருத்துவர் விளக்கினார். இஃது எல்லா நோயாளர்க்கும் பொருந்துமென நிறுவப்படவில்லை என்பதையும் அவரே சொன்னார். ஐந்தாண்டு பெயரின்றி இருந்த துன்பத்துக்குப் பெயர் கிடைத்ததே எனக்கு அன்று பெரிதாயிருந்தது. திரும்பும் பேருந்தில் அப்பெயரை மனத்துள் அலகிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

முதலில் உணவை மாற்றச் சொன்னார். புளி, மிளகாய், தக்காளி, எலுமிச்சை, காப்பி ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, எது தீங்கு செய்கின்றது எனக் காணல் வேண்டும். இவற்றை நீக்கியபின் தமிழர் சமையலில் எஞ்சுவன தயிர்ச்சோறும் பொறுமையுமே. எனக்குக் காப்பியும் தக்காளியும் பகையென்று தெளிந்தது. புளியோடு சமாதானம் செய்துகொண்டேன். பின்னர் அமிட்ரிப்டிலின் என்னும் மாத்திரையை இரவில் உண்ணத் தந்தார். இரவு சற்று உறங்கினேன். ஆனால் காலை முதல் வகுப்பில் நா வறண்டு ஒட்டிக்கொள்ளும். முப்பது ஆண்டுகளாக மனப்பாடமாயிருந்த செய்யுளொன்று ஒருநாள் இரண்டாம் அடியோடு நின்றுவிட்டது. மாணவி ஒருத்தி எடுத்துக்கொடுத்தாள். அம்மாத்திரையை மருத்துவரே நிறுத்தினார். மற்றொன்று பென்டோஸான் என்பது. இந்நோய்க்கென அமெரிக்காவில் 1996-இல் ஒப்புதல் பெற்றது. இதனை நெடுங்காலம் உண்டாருள் சிலர்க்குக் கண்ணின் விழித்திரை பழுதுறுதலை 2018-இல் அந்நாட்டு மருத்துவர் எடுத்துரைக்க, 2020-இல் மருந்தின் குறிப்பிலேயே எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. படித்தலையே பிழைப்பாகக் கொண்டவள் கண்ணைப் பணயம் வைக்க மனம் ஒப்பவில்லை. வேண்டாவென்றேன், அவரும் வற்புறுத்தவில்லை.

அதன்பின், 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நீர்ப்பையினுள் நேரே மருந்து செலுத்தும் சிகிச்சையை எடுத்துரைத்தார். மெல்லிய குழாயொன்றைச் சிறுநீர்ப் புறவழியாகச் செலுத்தி, உள்ளிருக்கும் நீரை வடித்து, மருந்தைச் சிறிது சிறிதாக உள்ளே விட்டுக் குழாயை எடுத்துவிடுவர். குறித்த நேரம் அடக்கி வைத்திருந்து பின் கழித்துவிட வேண்டும். மருந்தில் இருவகை இருந்தன. ஒன்று டைமெதில் சல்பாக்சைடு. மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் தொழிலில் உடன்விளையும் பொருளிலிருந்து கிடைப்பது. இந்நோய்க்கு நீர்ப்பையினுள் விடுதற்கென அமெரிக்க அரசாங்கத்தார் 1978-இல் ஒப்புதல் அளித்தது. நூற்றுக்கு ஐம்பது பங்குக் கரைசலில் 50 மில்லிலிட்டரை விட்டு 15 நிமிடம் வைத்திருப்பர். இரு வாரங்களுக்கு ஒருமுறை. முதற்சில முறைகளில் வலி மிகுதலும் உண்டு. "இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்" என்று சிறிது தயங்கினார் மருத்துவர். "மருந்து விட்டபின் மூச்சிலும் தோலிலும் பூண்டு நாற்றம் வீசும். மூன்று நாள் வரையிலும் இருக்கலாம்."

மற்றது ஹெபாரின், லிக்னோகெயின், சோடியம் பைகார்பனேட் ஆகிய மூன்றும் கலந்தது. ஹெபாரின் இரத்தம் உறையாதிருக்கத் தரும் மருந்தே. தேய்ந்த பூச்சுக்குப் பதிலாக அது நிற்குமென்று கருதி இங்கே விடுகின்றனர். லிக்னோகெயின் பல் பிடுங்குவோர் இடும் மரமரப்பு மருந்து. புளித்த நீரில் அது நீர்ப்பைச் சுவருட் புகாதாகையால், புளிப்பை மாற்றச் சோடா உப்பினைச் சேர்க்கின்றனர். இக்கலவையில் பூண்டு இல்லை. நன்மை நீடிக்குமா என்பதற்கு உறுதியும் இல்லை. அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் சங்கத்தார் 2011-இல் வெளியிட்டு 2022-இல் திருத்திய வழிகாட்டியில், இவ்விரு வகையும் "செய்ய வேண்டும்" என்னும் பகுதியில் இல்லை; "செய்யலாம்" என்னும் பகுதியிலேயே உள்ளன. வியங்கோளின் வகைகளைக் கற்பிக்கும் எனக்கு "வேண்டும்" என்பதற்கும் "லாம்" என்பதற்கும் உள்ள வேற்றுமையை ஒருவர் விளக்கத் தேவையில்லை. முடிவு என் தலைமேல் ஏற்றப்பட்டது.

"எண்ணிச் சொல்கின்றேன்" என்று வந்தவள் ஆறு மாதம் எண்ணினேன். நுண்கிருமி புகுமோ என்னும் அச்சம் இருந்தது. குழாய் இடுதல் எதுவாயினும் அது சிறிதளவு உண்டென்றார் மருத்துவர். இருக்கும் வலி மிகுந்துவிடின் என்செய்வதென்னும் அச்சம் அதனினும் பெரிது. செலவு என் ஊதியத்துக்கு அடங்கியதே. ஆயினும் உள்ளபடி சொல்வதாயின், யான் இரவில் விழித்துக் கிடந்து எண்ணியவை இவையல்ல. ஆசிரியர் அறையில் பூண்டு மணக்க உட்கார்ந்திருப்பதையும், "என்ன அம்மா, காலையிலேயே பூண்டுக் குழம்போ?" என்று ஒருவர் கேட்பதையும், யான் சொல்லும் பொய்யையும் எண்ணினேன். அன்றியும் விடுப்பு விண்ணப்பத்தில் என்ன காரணம் எழுதுவதென்று எண்ணினேன். வயிற்றுவலி என்று பன்முறை எழுதலாகாது. பல்நோய் என்று எழுதலாம், எத்தனை பல்? முழங்கால் என்று எழுதினால் நொண்ட வேண்டும். இவ்வாறு மருந்தின் நன்மை தீமையை ஆராய வேண்டிய காலத்தைப் பொய்யின் நன்மை தீமையை ஆராய்வதிற் போக்கினேன்.

என்னோடு பயின்ற தோழி ஒருத்தி கடல்கடந்து வாழ்கின்றாள். அவளுக்கும் இதே நோய். தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். பூண்டு மணக்கும் மருந்தை அவள் ஆறு முறை விட்டுக்கொண்டாள். பயன் இல்லை. "செய்த ஆறும் வீணாகிவிடுமே என்று மேலும் ஆறு செய்தேன், அந்தப் பன்னிரண்டும் வீணாகுமே என்று இன்னும் செய்திருப்பேன், மருத்துவரே போதுமென்று விட்டார்" என்றாள். "ஆனால் என்னோடு காத்திருந்த மற்றொரு பெண் நான்காம் முறைக்குப் பின் வேலைக்குத் திரும்பிவிட்டாள்" என்றும் கூறினாள். இது செய்யும்படி சொல்லியதா, செய்யாதேயென்று சொல்லியதா என்று எனக்கு விளங்கவில்லை. அவள் வருத்தத்தில் ஒன்றுமட்டும் தெளிவாயிருந்தது: எப்பொழுது நிறுத்துவதென்பதைத் தொடங்குமுன் அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

நாகர்கோவிலில் இருக்கும் என் தமக்கையார் முப்பதாண்டு செவிலியாய் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சென்ற தைமாதத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"என்ன ஆனால் உனக்குப் போதும்?" என்றார்.

"குணமானால் போதும், அக்கா."

"குணமாக்கித் தருவதாக அவர் சொன்னாரா?"

"இல்லை."

"பின், அவர் தராததைக் கேட்காதே. வேறு சொல்."

யான் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "ஒரு மூன்று மணி நேரத் தேர்வில் ஒரே ஒருமுறை மாற்றாளை அழைத்து நிற்க வேண்டும். இரவில் ஐந்து முறைக்குப் பதிலாக மூன்று முறை எழுந்தால் போதும்" என்றேன்.

"ஐந்து முறை என்பதை எண்ணினாயா, சும்மா சொல்கிறாயா?"

சும்மாதான் சொன்னேன். அவர் அடுக்களையிலிருந்து அளவுக் கோடிட்ட பிளாஸ்டிக் குவளையொன்றை எடுத்துவந்து, "இதை நான் இனிச் சமையலுக்கு எடுக்கமாட்டேன், கொண்டுபோ. மூன்று நாள் ஒவ்வொரு முறையும் அளந்து, மணியோடு எழுதி வை" என்றார். எழுதினேன். மூன்று நாளில் 57 முறை. இரவில் ஐந்து என்பது சரியாகவே இருந்தது. மிகுதியாகக் கழித்தது 140 மில்லிலிட்டர்; குறைந்தது 40. நலமுடையார் நீர்ப்பை 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அந்நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். வலி நீர்ப்பையில் என்றேன். நீர் நிரம்பும்பொழுது மிகுகின்றது, கழித்தால் தணிகின்றது என்றேன். 57 முறை என்றேன். 2018-இலேயே இவ்வாறு பேசியிருப்பின் என் முதுகெலும்பு படமெடுக்கப்படாது போயிருக்கும்.

அவரிடம் வினாக்கள் இரண்டு கேட்டேன். நன்மை உண்டாயிற்று என்பதை எதனால் அறிவது? எப்பொழுது நிறுத்துவது? இருவரும் கலந்து ஒரு முடிவுக்கு வந்தோம். ஹெபாரின் கலவையையே முதலில் விடுதல். வாரத்துக்கு ஒன்றாக ஆறு முறை. ஆறாவதன்பின் மீண்டும் மூன்று நாள் அளத்தல். இரவில் எழுவது மூன்றாகக் குறையாவிடின் அத்தோடு நிறுத்தி வேறு பேசுதல். பூண்டுக்கு அஞ்சி மட்டும் யான் இதனைத் தேர்ந்துகொண்டேன் என்று அன்பர்கள் எண்ணற்க. அச்சமும் ஒரு காரணமே. மருத்துவர் கூறிய மற்றொரு காரணம் எனக்கு உகந்ததாயிருந்தது. வலி நீர்ப்பையினின்றே எழுகின்றதாயின் மரமரப்பு மருந்து உட்சென்ற சிறிது நேரத்தில் அது தணிதல் வேண்டும். தணியாவிடின் இடுப்பின் தசைகள் முதலிய வேறிடத்தைத் தேட வேண்டும். ஆகவே நோய் தீராவிடினும் ஒரு செய்தியாவது தெரியவரும்.

அன்று மாலையே விடுப்பு விண்ணப்பம் எழுதினேன். "நீர்ப்பையில் உள்ள நோய்க்கு மருந்து செலுத்திக்கொள்ளும் பொருட்டு ஆறு புதன்கிழமைகள்" என்று எழுதி, ஒருமுறை அடித்து, மீண்டும் அதனையே எழுதினேன். முதல்வர் அம்மையார் அதனைப் படித்துத் தலைநிமிர்ந்து, "சர்க்கரை என்றல்லவா நினைத்திருந்தோம்?" என்றார். இல்லையென்றேன். மேலும் ஏதேனும் கேட்பாரென்று காத்திருந்தேன். அவர் தேர்வு அட்டவணையை எடுத்து, நான் மேற்பார்வை செய்யும் அறைக்கு அடுத்த அறையில் எப்பொழுதும் ஒரு மாற்றாசிரியை இருக்குமாறு குறித்துக்கொண்டு, கையொப்பமிட்டு அனுப்பினார். நான்கு நிமிடங்கூட ஆகவில்லை. ஏழாண்டு அஞ்சிய செயல் நான்கு நிமிடத்தில் முடிந்ததை எண்ணி வெளியே படியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். அதன்பின் ஆசிரியர் அறையில் என் தேநீருக்குச் சர்க்கரை கேட்டு வாங்கினேன்.

புதன்கிழமைகளில் வகுப்புக்கு வாராமைக்குக் காரணத்தை இரண்டாம் ஆண்டு மாணவியர்க்கும் சொன்னேன். மறைத்தற்குரிய சொற்களை மறையாது சொன்னேன், சிரிப்பு எழவில்லை. வகுப்பு முடிந்தபின் ஒருத்தி பின்தங்கி நின்றாள். இவளுக்கும் இந்நோயோ என்று திடுக்கிட்டேன். அவளுக்கு நோய் யாதும் இல்லை. இரண்டாம் மாடிக் கழிப்பறைகள் மூன்றனுக்குத் தாழ்ப்பாள் இல்லையென்றும், பத்து நிமிட இடைவேளையில் கீழே இறங்கி வரிசையில் நின்று திரும்ப இயலாதென்றும், ஆதலால் தானும் தன் தோழியரும் காலைமுதல் மாலை நான்கு மணிவரை நீர் அருந்துவதில்லை என்றும் சொன்னாள். நல்ல உடம்போடு இப்பெண்கள் என்னைப்போல வாழ்ந்து வந்தனர். அவர்கள் படிக்கும் மாடியில் அன்றாடம் பாடம் நடத்திய எனக்கு அது தெரியவில்லை. அன்றே இரண்டாவது விண்ணப்பம் ஒன்று எழுதினேன். அவ்வாரத்துக்குள் தச்சர் வந்து தாழ்ப்பாள் பொருத்தினார். இடைவேளையின் நீளத்தைப் பற்றிய பகுதிக்கு இன்னும் விடை வரவில்லை. அதனை இவ்விடத்தில் நினைவூட்டுவது முறையன்றாயினும், நினைவூட்டுகின்றேன்.

முதல் முறை 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஒரு புதன்கிழமை. செவிலி ஒருவர் மறைப்புத் துணியை இழுத்துவிட்டு, மரமரப்புக் களிம்பினை முதலில் இட்டுச் சில நிமிடம் பொறுத்தார். குழாய் செல்லும்பொழுது எரிவு உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்யாகும். யான் அஞ்சிய அளவில் பாதியும் இல்லை. மருந்து உட்செல்லும்பொழுது குளிர்ச்சியாயிருந்தது. "அரைமணி அடக்கி வைக்க முடிந்தால் நல்லது" என்றார் அவர். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். எட்டாம் நிமிடத்திலோ ஒன்பதாம் நிமிடத்திலோ, ஏதோ ஓர் ஓசை நின்றுவிட்டது போன்றிருந்தது. கூர்ந்து கேட்டேன், விசிறி சுழன்றுகொண்டே இருந்தது. நின்றது வலி. ஏழாண்டுகளாக நீரைக் கழியாமல் அது தணிந்ததில்லை. அன்று அரைமணியும் வைத்திருந்தேன். அன்று மாலைவரை அவ்வமைதி நீடித்தது. இரவில் வலி திரும்பிவிட்டது. மறுநாள் எரிவும் இருந்தது. எனினும் வலியின் இருப்பிடம் தெரிந்துவிட்டது.

இதனை எழுதும்பொழுது மூன்று முறை ஆகியுள்ளன. இரண்டாவதன்பின் ஒன்றும் வேறுபாடில்லை. மூன்றாவதன்பின் இரவில் நான்கு முறை எழுந்தேன். ஒருநாள் மட்டும் மூன்று. நான்கு என்பது மூன்றன்று. தமக்கையார் வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்து எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகின்றார். நான்காம் முறைக்குரிய புதன்கிழமையில் எனக்குத் தேர்வு மேற்பார்வை வந்தது. உடனாசிரியை ஒருவரோடு வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். எதற்கென்று அவர் கேட்டார், சொன்னேன். "மதுரையில் எந்த வழியாகப் போகிறீர்கள்? என் தங்கை வீடு அங்கேதான், இறங்கி ஒருவேளை சோறு உண்டு போங்கள், புளி சேர்க்காமல் வைக்கச் சொல்கிறேன்" என்றார். புளி எனக்குத் தீங்கில்லை, தக்காளிதான் ஆகாதென்று சொல்லி, முகவரியைக் குறித்துக்கொண்டேன்.